சத்தம் போட்டாத்தானே தமிழ் வரும்: எங்க கோயில் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பர்மாவுல மோல்மீன் பக்கத்துல இருக்குற நம்ம கோயில் தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் அண்ணனுக்கும், குழுவுல இருக்குற மத்த பெரியவங்களுக்கும்,

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் செருப்பு விடுற எடத்துக்கு மேல இருக்குற போர்டுல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தீங்க. தமிழ் வகுப்புல இனிமே கைப்பேசி, தொலைக்காட்சி, விளையாட்டு எதுக்கும் அனுமதி இல்ல, வகுப்பு அமைதியாகவும் ஒழுக்கமாகவும் நடக்கணும்னு. கீழ சீல், கையெழுத்து. அத எனக்கு வாசிச்சுக் காட்டினது மூணு வருஷமா என்கிட்ட படிக்கிற ஒரு 11 வயசுப் பொண்ணு. எழுத்துக் கூட்டி, ஒரு எடத்துலகூட தடுக்காம, 'ஒழுக்கமாகவும்'ல வர்ற ழ-வக்கூட கிட்டத்தட்ட சரியா சொல்லி வாசிச்சா. வாசிச்சு முடிச்சிட்டு "அக்கா, அப்போ இனிமே அட்டை விளையாட்டு கெடையாதா"ன்னு கேட்டா. பாமால, அதாவது பர்மிய பாஷைல கேக்கல, தமிழ்ல கேட்டா. அவளுக்கு அந்த நோட்டீஸ வாசிக்கக் கத்துக்குடுத்ததே நீங்க தடை பண்ணின அந்த விளையாட்டுதான், அத எப்படி அவகிட்ட சொல்றதுன்னு தெரியாம வீட்டுக்கு வந்துட்டேன், அதனால உங்ககிட்ட சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. வகுப்பெடுக்குறது நாங்க நாலு பேர். மூணு பொம்பளைங்க, காலேஜ் படிக்கிற ஒரு தம்பி. யாரும் சம்பளம் வாங்குறதில்ல, கேக்கவும் இல்ல. ஆனா முடிவெடுக்குறதுக்கு முன்னாடி எங்கள்ல ஒருத்தரயாவது கூப்பிட்டு என்ன பண்றீங்க, ஏன் பண்றீங்கன்னு கேட்டிருக்கலாம். கேக்கல. தனியா வந்து பேசலாம்னு ரெண்டு தடவ ஆபீசுக்கு வந்தேன், திருவிழா வேலை முடியட்டும்மான்னு அனுப்பிட்டீங்க. அதான் எல்லாரும் பாக்குற மாதிரி எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க, இல்ல கோவிச்சுக்கிட்டாலும் முழுசா படிச்சிட்டு கோவிச்சுக்கோங்க.

நம்ம புள்ளைங்க எப்படி தமிழ்கிட்ட வருதுங்கன்னு உங்களுக்குத் தெரியாததில்ல, ஆனா தெரிஞ்சும் மறந்துட்டீங்களோன்னு தோணுது. ஜூன்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் ஸ்கூல்ல பாமா. அது முடிஞ்சா ட்யூஷன், அதுவும் பாமா. தெருவுல பாமாவும் மோன் பாஷையும். வீட்டுல அப்பா அம்மா தமிழ்ல பேசுனாலும் புள்ளைங்க பதில் பாமாலதான். மார்ச்ல ஸ்கூல் லீவு விட்டா ஏப்ரல்ல வர்ற தண்ணித் திருவிழா திங்யான் வரைக்கும் ஒரு ஆறு வாரம், திங்யான் முடிஞ்சு மே கடைசி வரைக்கும் இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான் தமிழுக்குக் கெடைக்கிற காலம். அதுலயும் ஒரு நாளைக்கு ஒண்ணரை மணி நேரம். அந்த ஒண்ணரை மணி நேரத்த அமைதியா இருக்கச் சொல்றீங்க. அமைதியா இருந்தா அந்தப் புள்ள ஒரு நாள் முழுக்க ஒரு தமிழ் வார்த்தகூட வாயத் தொறந்து சொல்லாமத்தான் தூங்கப் போகும் ஐயா.

பாமா பேசுற வாய்க்கு தமிழ் எவ்வளவு கஷ்டம்னு பெரியவங்க நீங்க நெனச்சுப் பாத்திருக்கமாட்டீங்க, ஏன்னா உங்களுக்கு தமிழ்தான் முதல்ல வந்துச்சு. பாமால ர கெடையாது, ய-தான். ரங்கூனே யாங்கோன்னு ஆன ஊரு இது. நம்ம புள்ளைங்க மரத்த மயம்ங்குது, ராணிய யாணிங்குது. கடைசில வர்ற ல், ள் வாய்லயே கரைஞ்சு போயிடுது, பால்னு சொன்னா பா-ன்னு வருது. அம்மான்னு கூப்புட்டா பக்கத்துல இருக்குற பாமாப் புள்ள அக்காவக் கூப்புடுறான்னு நெனச்சுக்குது, அவங்க பாஷைல அமான்னா அக்கா. இதெல்லாம் எழுதி எழுதி பாத்தா சரியாகாது. பல் எது பால் எதுன்னு நூறு தடவ வாய் தொறந்து சொல்லி, தப்பாச் சொல்லி, சிரிச்சு, திரும்பச் சொன்னாத்தான் ஆகும்.

முன்னாடி வகுப்பு எப்படி நடந்துச்சு? நானும் அதே ஹால்ல தரையில உக்காந்து படிச்சவதான், அதனால சொல்ற உரிமை இருக்கு. போர்டுல எழுதுவாங்க, நோட்டுல பத்துத் தடவ எழுதணும், அப்புறம் தேவாரம் மனப்பாடம். தேவாரம் வேணாம்னு நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனா ஒரு விஷயம் சொல்றேன், மனசு கஷ்டப்படும். ஒரு வருஷம் தேவாரப் போட்டியில பரிசு வாங்கின ஒரு பையனோட நோட்ட நான் பாத்தேன், யாருன்னு சொல்லமாட்டேன், கேக்காதீங்க. அதுல முழுப் பதிகமும் பாமா எழுத்துல எழுதி வச்சிருந்தான். வட்ட வட்டமா, அழகா. அத வச்சுதான் மனப்பாடம் பண்ணியிருக்கான். மேடையில கண்ண மூடிக்கிட்டு பாடினான், எல்லாரும் கைதட்டுனோம், அவனுக்கு அ ஆ எழுதத் தெரியாது. அமைதியான வகுப்புலேர்ந்து வந்த பையன்தான் அவன்.

அப்புறம் அந்த புஸ்தகம். பீரோவுல இருக்குற பழைய தமிழ் வாசகப் பாடப் புஸ்தகம், யாரோ பெரியவர் கப்பல்ல கொண்டு வந்தது, அத ஜெராக்ஸ் எடுத்து ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஆயிடுச்சு. அது பழைய எழுத்து ஐயா. 1978ல தமிழ்நாட்டு அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டு வந்தப்போ 13 எழுத்து மாறிச்சு, ணா, றா, னா, அப்புறம் ணை, லை, ளை, னை, இந்த மாதிரி. நம்ம புஸ்தகத்துல லை-க்கும் னை-க்கும் இன்னும் யானைத் துதிக்கை மாதிரி மேல வளைஞ்சு நிக்குது. (யானைங்குற வார்த்தையிலயே துதிக்கை இருந்தது எனக்கு சின்ன வயசுல ரொம்பப் புடிக்கும், அது வேற விஷயம்.) புள்ளைங்க வீட்டுல போன்ல பாக்குற தமிழ்ல அந்தத் துதிக்கை கெடையாது. "இது வேற தமிழா"ன்னு கேக்குதுங்க. தமிழ்நாட்டுல புள்ளைங்க கத்துக்குற எழுத்தும் நாம சொல்லிக்குடுக்குற எழுத்தும் ஒத்துப்போறதுக்கே எனக்கு ஒரு போன் வேண்டியிருந்துச்சு. தமிழ் இணையக் கல்விக்கழகம்னு 2001லேர்ந்து நடக்குது, வெளிநாட்டுல இருக்குற நம்மள மாதிரி ஆளுங்களுக்காகவே அடிப்படைலேர்ந்து பாடம் போட்டு வச்சிருக்காங்க, காசில்லாம. நெட் நல்லா இருந்த ஒரு ராத்திரியில முழிச்சு உக்காந்து எறக்கினேன், அதுதான் இப்ப எங்க நாலு பேருக்கும் புஸ்தகம்.

இப்ப விளையாட்டுக்கு வர்றேன். எல்லாம் சரியா நடந்துச்சுன்னு பொய் சொல்லமாட்டேன். முதல் வருஷம் பெரிய தப்பு பண்ணோம். நான் மலேசியாவுல நாலு வருஷம் வேலை பாத்தப்போ அங்க அக்கா புள்ளைங்க ஸ்கூல்ல கஹூட்னு ஒண்ணு விளையாடுறதப் பாத்தேன், 2013ல நார்வேக்காரங்க வெளியிட்டது. திரையில கேள்வி வரும், நாலு நெறத்துல நாலு பதில், புள்ளைங்க அவங்கவங்க போன்ல நெறத்த அமுக்கணும், சீக்கிரம் அமுக்குனா மார்க் ஜாஸ்தி. அதையே இங்க கொண்டு வந்தோம். என்ன ஆச்சு? போன் இருக்குற புள்ள பத்துதான், மத்ததுங்க வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. நெட் பாதியில போச்சு. சீக்கிரம் அமுக்குனா மார்க்னு சொன்னதும் கேள்விய வாசிக்கிறதுக்கு முன்னாடியே கண்டத அமுக்குச்சுங்க. மெதுவா வாசிக்கிற ஒரு புள்ள பேரு தெனமும் கடைசில வந்து, நாலாம் நாள் வகுப்புக்கே வரல, நான் வீட்டுக்குப் போய் கூட்டிட்டு வந்தேன். பின்னாடி வரிசையில ரெண்டு பசங்க மேசைக்கடியில மொபைல் லெஜண்ட்ஸ்னு ஒரு போன் கேம் ஆடிக்கிட்டு இருந்தாங்க. அன்னிக்கு நீங்க வந்து தடை போட்டிருந்தா நான் வாயத் தொறந்திருக்கமாட்டேன், நியாயம்னுதான் சொல்லியிருப்பேன்.

ஆனா நாங்களே அத நிறுத்திட்டோம். ரெண்டாவது வருஷத்துலேர்ந்து எந்தப் புள்ளையும் போன் கொண்டு வர்றதில்ல. இத குழுவுல எத்தன பேர் கவனிச்சீங்கன்னு எனக்குத் தெரியல. ஹால்ல இருக்குறது ஒரே ஒரு போன், அது என் கையில. ப்ளிக்கர்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, புள்ளைங்க கையில வெறும் காகித அட்டைதான். ஒவ்வொரு அட்டையிலயும் கறுப்பு வெள்ளையில கட்டம் கட்டமா ஒரு உருவம், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. அதோட நாலு ஓரத்துலயும் பொடிசா ஒரு எழுத்து. நான் கேள்வி கேப்பேன், புள்ள எந்தப் பதில நெனைக்குதோ அந்த ஓரம் மேல வர்ற மாதிரி அட்டையத் திருப்பிப் புடிக்கும். நான் போன் கேமராவ அப்படியே ஒரு சுத்து காட்டுனா யார் யார் சரி, யார் தப்புன்னு எனக்கு மட்டும் தெரியும். பக்கத்துப் புள்ளயோட அட்டையப் பாத்து காப்பி அடிக்கவும் முடியாது, ஏன்னா உருவமே வேற வேற. தப்பு பண்ண புள்ளைய யாரும் பாத்து சிரிக்கவும் முடியாது. 40 அட்டை, மார்க்கெட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில எடுத்தது, அட்டைப்பெட்டி வெட்டி பின்னால ஒட்டினது. செலவு நானே போட்டேன், கணக்கு கேக்கல. நெட் இல்லாத நாள்ல கேமரா வேலை செய்யாது, அப்பவும் அதே அட்டைய கையால தூக்கிக் காட்டச் சொல்லி கண்ணால எண்ணுவோம்.

இதுல எனக்குக் கெடைச்ச பெரிய லாபம் என்ன தெரியுமா? முன்னாடியெல்லாம் "புரிஞ்சுதா"ன்னு கேட்டா ஹால் மொத்தமும் "ஹோ கே"ன்னு பாமால கோரஸ் பாடும். ஆமாம்னு அர்த்தம். ஒண்ணும் புரிஞ்சிருக்காது. இப்ப அப்படி ஏமாத்த முடியாது. ல, ள, ழ மூணும் நடத்தின அன்னிக்கு அட்டையக் காட்டச் சொன்னா பாதிக்கு மேல தப்பு, நான் நல்லா நடத்திட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், வெக்கமா போச்சு. மறுநாள் அத வேற மாதிரி நடத்தினேன்.

அடுத்தது குரல் பதிவு. இதுக்கு நெட்டே வேணாம், எந்தப் போன்லயும் இருக்கு. ஒரு புள்ள போன வாங்கி ஒரு வார்த்த சொல்லும், பல்லா பாலா, மரமா மயமா. நாங்க அத ஸ்பீக்கர்ல போடுவோம், எதிர் கட்சி புள்ளைங்க அது எந்தப் படம்னு ஓடிப் போய்த் தொடணும். சொன்னது வெளங்கலேன்னா ரெண்டு கட்சிக்கும் மார்க் கெடையாது. அப்ப என்ன ஆகுதுன்னா, சொன்ன புள்ள தன் குரலத் தானே கேக்குது. நான் நூறு தடவ "ர சொல்லு ர சொல்லு"ன்னு கத்தினப்ப தெரியாதது, தன் காதால கேட்டதும் தெரியுது. நீங்க ஆபீஸ்லேர்ந்து கேட்ட சத்தம் இதுதான் ஐயா. முப்பது புள்ளைங்க ர்ர்ர்-ன்னு கத்தின சத்தம். பூஜை நேரத்துல கத்துனது தப்பு, அதுக்கு நாங்க மன்னிப்பு கேட்டுட்டோம், நேரத்த மாத்திக்கிறோம்னும் சொன்னோம். சத்தமே வேணாம்னா பேச்சே வேணாம்னு ஆகுது.

டிவி விஷயம். மலேசியாவுல இருக்குற நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் புள்ளைங்க படிக்கட்டும்னு சொல்லித்தான் 43 இஞ்ச் டிவி குடுத்தாரு, மேடையில வச்சு பொன்னாடை போத்தினீங்க. அது இப்ப ஆபீஸ்ல சிசிடிவி காமிக்குது. செருப்புக் காணாமப் போகுதுன்னு அத அங்க மாட்டினீங்க, சரி, ஆனா எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லல. நாங்க அதுல சினிமா போடல. கரண்ட் இருக்குற நேரம் பாத்து ஒரு நாளைக்கு பத்து நிமிஷம், சத்தத்த அணைச்சு வச்சிட்டு ஒரு சின்ன வீடியோ ஓடும், சந்தையில ஒரு அம்மா காய் வாங்குற மாதிரி. அவங்க என்ன பேசுவாங்கன்னு புள்ளைங்க தமிழ்ல குரல் குடுக்கணும். காய் பேரு தெரியாதப்ப கேக்கும், சொல்லிக்குடுப்போம். கத்தரிக்காய்ல ஆரம்பிச்சு பேரம் பேசுற வரைக்கும் போச்சு, ஒரு வாண்டு "ஏம்மா இதெல்லாம் ஒரு வெலயா"ன்னு அவ பாட்டி மாதிரியே சொன்னா, அந்தப் பாட்டி வாசல்ல நின்னு கேட்டுட்டு கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. அந்தப் பாட்டியயாவது கூட்டத்துக்குக் கூப்பிட்டு கேட்டிருக்கலாம்.

செயலாளர் அண்ணன் ஒரு செய்திய வைபர்ல எல்லாருக்கும் அனுப்பியிருந்தீங்க, யுனெஸ்கோவே ஸ்கூல்ல போன் கூடாதுன்னு சொல்லிடுச்சுன்னு. 2023ல வந்த அந்த அறிக்கையப் பத்தி நானும் படிச்சேன். உலகத்துல நாலுல ஒரு பங்கு நாடுகூட இல்ல, அதவிடக் கொறச்சலான நாடுங்கதான் ஸ்கூல்ல ஸ்மார்ட்போனுக்கு அப்ப தடை போட்டிருந்துச்சுன்னு அதுல இருக்கு, போன் கவனத்தக் கலைக்கும்னும் இருக்கு, அதுல எனக்கு மறுப்பே கெடையாது, அதனாலதான் புள்ளைங்க கையிலேர்ந்து நாங்களே எடுத்துட்டோம். ஆனா அந்த அறிக்கை கருவியே வேணாம்னு சொல்லல, படிப்புக்கு ஒதவுற எடத்துல மட்டும் வச்சுக்கோ, வாத்தியாருக்குப் பதிலா வைக்காதன்னுதான் சொல்லுது. நாங்க பண்றதும் அதுதானே அண்ணே. நாப்பது புள்ளைக்கு ஒரு போன், அதுவும் டீச்சர் கையில.

பத்துத் தடவ எழுதினாத்தான் மண்டையில ஏறும்னு கூட்டத்துல ஒருத்தர் சொன்னாராம். 2006ல அமெரிக்காவுல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு பேர் காலேஜ் பசங்கள வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு பாடத்த ஒரு கூட்டம் திரும்பத் திரும்பப் படிச்சுது, இன்னொரு கூட்டம் ஒரு தடவ படிச்சிட்டு மூடி வச்சு ஞாபகத்துலேர்ந்து எழுதிப் பாத்துது. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டா திரும்பப் படிச்சவங்கதான் கெட்டி. ஒரு வாரம் கழிச்சு கேட்டா அப்படியே தலைகீழ், மூடி வச்சு ஞாபகப்படுத்திப் பாத்தவங்களுக்குத்தான் அதிகம் நின்னுச்சு. நம்ம புள்ளைங்களுக்கு திங்யானுக்கு ஒரு வாரத்துக்கு மேல லீவு. பத்துத் தடவ எழுதினது லீவு முடிஞ்சு வரும்போது தண்ணியோட போயிருக்கும், நான் எத்தனையோ வருஷம் பாத்தாச்சு. அட்டை விளையாட்டுல கேள்வி கேக்குறது, மூடி வச்சு ஞாபகப்படுத்துற அதே வேலைதான், பேருதான் விளையாட்டு.

இன்னொண்ணு, விளையாட்டு கோயில்ல அவமரியாதைன்னு சொல்றது எனக்குப் புரியவே இல்ல. வைகுண்ட ஏகாதசி ராத்திரி முழிச்சிருக்கணும்னு பரமபதம் ஆடினது யாரு? பாம்புக் கட்டத்துல பாவம், ஏணிக் கட்டத்துல புண்ணியம், ஆடிக்கிட்டே நல்லது கெட்டது தெரிஞ்சுக்கட்டும்னு போட்டு வச்சது நம்ம முன்னோருங்கதானே. பல்லாங்குழியில 14 குழி, எங்க ஆயா எனக்குக் கணக்கு சொல்லிக்குடுத்ததே அதுலதான். திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணலப் பரப்பி விரலால அ எழுதினாங்க. இன்னிக்குப் புள்ள கண்ணாடித் திரையில விரலால அ எழுதுது, விரல் அதே விரல்தான். மணலும் ஓலையும் இருந்த எடத்துக்கு அப்புறம் சிலேட்டு வந்துச்சு. சிலேட்டு வந்த நாள்ல யாராவது நோட்டீஸ் ஒட்டியிருப்பாங்களோ என்னமோ.

தலைவர் ஐயா, இது உங்களுக்கு மட்டும். போன தைப்பூசத்தப்ப பந்தியில உக்காந்து நீங்களே சொன்னீங்க. 1964ல கடையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப உங்க சித்தப்பா குடும்பம் கப்பல் ஏறிடுச்சு, உங்க அப்பா போகல. அடுத்த வருஷம் தனியார் ஸ்கூல் எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்துச்சு, அதோட நீங்க படிச்ச தமிழ்ப் பள்ளிக்கூடமும் போச்சு. அப்புறம் தமிழ் எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே, சினிமாப் பாட்டுப் புஸ்தகம்மான்னு சொன்னீங்க. திருவிழாக் கடையில வாங்கி, பாட்டத்தான் ஏற்கெனவே தெரியுமே, பாடிக்கிட்டே எழுத்தப் பாத்துப் பாத்து வாசிக்கக் கத்துக்கிட்டேன்னு. உங்க அப்பா அதப் புடுங்கிக் கிழிச்சாருன்னும் சொன்னீங்க. ரொம்ப நேரம் சிரிச்சோம். இந்த நோட்டீஸ்ல உங்க கையெழுத்தப் பாத்தப்ப எனக்கு அந்தக் கதைதான் ஞாபகம் வந்துச்சு, வேற ஒண்ணும் சொல்ல வரல.

செலவு பத்தியும் ஒரு பேச்சு அடிபடுது, விளையாட்டுக்கெல்லாம் கோயில் காசு கெடையாதுன்னு. கேட்டாத்தானே இல்லைன்னு சொல்லணும்? 2014ல போன் கம்பெனிங்க வந்து சிம் கார்டு 1500 கியாட்டுக்கு வித்தப்ப ஊரே வரிசையில நின்னுச்சு, அதுக்கு முன்னாடி சிம் வச்சிருந்தா பணக்காரர். இன்னிக்கு வீட்டுக்கு வீடு போன் கெடக்கு. நெட்டுதான் 2021க்கு அப்புறம் கஷ்டம், வெல ஏறிப்போச்சு, பேஸ்புக்கே தடை, விபிஎன் போட்டாத்தான் தெறக்கும். அதனால நாங்க எல்லாத்தையும் ஒரு தடவ எறக்கி வச்சுக்குறோம், ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தர் சாப்யாங்குற ஆப்ல மாத்திக்கிறோம், அதுக்கு டேட்டா வேணாம். கரண்ட் எப்ப வரும்னு தெரியாது, வந்தா புள்ளைங்க "மீ லா பீ"ன்னு கத்துதுங்க, பாமால கத்தாத தமிழ்ல கத்துன்னோம், இப்ப "கரண்ட் வந்துருச்சேய்"னு கத்துதுங்க, அதுவும் ஒரு பாடம்னு வச்சுக்கிட்டோம். முன் வாசல் வளைவுக்கு வர்ணம் அடிக்க வசூல் நடக்குது, அடிங்க, அழகா இருக்கட்டும். அந்த வளைவுல தமிழ்ல கோயில் பேரு எழுதியிருக்கு. அத இன்னும் இருபது வருஷத்துல வாசிக்க ஆள் வேணும்ல.

எங்களுக்கு என்ன வேணும்னு தெளிவாவே சொல்லிடுறேன், அப்புறம் நான் சும்மா பொலம்பினேன்னு யாரும் சொல்லக்கூடாது.

நோட்டீஸ எடுங்க. எடுத்துட்டு வேற ஒண்ணு போடுங்க: புள்ளைங்க போன் கொண்டு வரக்கூடாது, வகுப்புக்கு ஒரு போன், டீச்சர் கையில மட்டும். இத எங்க பக்கத்து விதியாவே நாங்க ஒத்துக்குறோம், எங்க நாலு பேர்ல யாராவது மீறுனா நீங்க கேளுங்க.

டிவிய மார்ச் மாசம் வகுப்பு தொடங்குறதுக்கு முன்னாடி ஹாலுக்குத் திருப்பிக் குடுங்க. சிசிடிவிக்கு சின்னதா ஒரு பழைய திரை போதும், காலேஜ் தம்பி வாங்கி மாட்டித் தர்றேன்னு சொல்லியிருக்கான். கரண்ட் இல்லாத நாளுக்கு, பூஜைக்கு வச்சிருக்குற பேட்டரியிலேர்ந்து ஒரு மணி நேரம் ஒரு வயர் இழுத்துக்க அனுமதி குடுங்க, பூஜை நேரத்துல தொடமாட்டோம். வகுப்ப சாயரட்சைக்கு முன்னாடியே முடிச்சுக்குறோம், நேரத்த நீங்களே எழுதிக் குடுங்க, அந்த மணிக்கு மேல ஒரு சத்தமும் வராது.

பழைய வாசகத்த பத்திரமா பீரோவுல வைங்க, அது பொக்கிஷம், எரிக்கவோ எடைக்குப் போடவோ வேணாம். ஆனா பாடத்துக்கு இப்ப இருக்குற எழுத்துல அச்சடிச்ச புஸ்தகம் வேணும், நாப்பது பிரதி, ஜெராக்ஸ் செலவ மட்டும் கோயில் ஏத்துக்கட்டும். தேவாரப் போட்டியில இந்த வருஷத்துலேர்ந்து ஒரு விதி சேருங்க, பாடுறதுக்கு முன்னாடி நாலு வரி தமிழ் எழுத்தப் பாத்து வாசிக்கணும். இதுல மட்டும் நான் விடமாட்டேன்.

வகுப்பப் பத்தி முடிவெடுக்குற கூட்டத்துல எங்கள்ல ஒருத்தர் உக்காரணும், ஓரமா நாற்காலி போட்டாக்கூடப் போதும்.

அப்புறம், குழுவுல இருக்குற எல்லாரும் ஒரே ஒரு நாள், அரை மணி நேரம், ஹாலுக்கு வந்து உக்காருங்க. அட்டை உங்க கையிலயும் ஒண்ணு குடுப்போம். ல, ள, ழ கேள்விதான் கேப்போம், பயப்படாதீங்க, யார் தப்பு பண்ணீங்கன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.

பதில என் கையில தனியா குடுக்க வேணாம். அந்த நோட்டீஸ் ஒட்டின அதே போர்டுலயே, தமிழ்ல, பெரிய எழுத்துல எழுதி ஒட்டுங்க. அந்தப் பொண்ணு வாசிச்சு எனக்குச் சொல்லிடுவா.

இப்படிக்கு,
தமிழ் வகுப்பு டீச்சர்கள்ல ஒருத்தி,
மோல்மீன் பக்கத்துலேர்ந்து